பாண்டியில் ஓர் அறிபுனைப் பயிலரங்கு: இரண்டாம் நாளுக்காகப் போகலாம்

முதல் நாளை விட்டுவிட்டு இரண்டாம் நாளுக்கு மட்டும் பணம் கட்டலாமா என்று கேட்டுப் பாருங்கள். சரி என்றால் யோசிக்காமல் கட்டிவிடுங்கள். முடியாது என்றாலும், ஏதோ ஒரு யோசனை மாதக்கணக்கில் மனதில் கிடந்து கதையாகாமல் உறுத்துகிறது என்றால், முழுத் தொகையும் கட்டிப் போவதில் நஷ்டமில்லை. கையில் யோசனையே இல்லாமல், போனால் அங்கே கொடுப்பார்கள் என்று நினைப்பவர்களுக்கு மட்டும் இது வேண்டாம்.

புதுச்சேரியில் சனி, ஞாயிறு இரண்டு நாளும் நடக்கும் சிறுகதைப் பயிலரங்கு இது. அறிபுனை (சயின்ஸ் ஃபிக்‌ஷன்), மிகுபுனைவு (ஃபேன்டஸி) என்று நடக்காததை நடந்ததாக எழுதும் கதைகளுக்கு மட்டும். ஒரு யோசனையை எப்படிக் கதையாக வளர்ப்பது என்பதுதான் பாடம். கட்டணம் 2,400 ரூபாய். இரண்டு மதியச் சாப்பாடு, ஒரு ஜெராக்ஸ் கையேடு, பிறகு நாம் எழுதி அனுப்பும் ஒரு கதையைப் படித்துக் குறிப்பு எழுதித் தருவது எல்லாம் அதிலேயே அடக்கம். குறை சொல்லும் இடங்களும் இருப்பதால் நடத்துபவர்களின் பெயரைப் போடவில்லை.

நான் கடலூர் சிப்காட்டில் ஒரு ரசாயன ஆலையில் பேனல் ஆபரேட்டர். திரையில் அழுத்தமும் வெப்பமும் ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் சம்பளத்துக்கான வேலை. நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, வீட்டில் எல்லாரும் கிளம்பிப் போன பிறகு எழுதுவேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது கீழே வரும்.

இடம், மிஷன் வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் போகும் வீதி ஒன்றில் ஒரு பழைய வீட்டு மாடி. மெட்ராஸ் தளம் போட்ட உயரமான கூரை, தேக்குச் சட்டங்கள், ஆளுயர ஜன்னல்கள். பார்க்க அழகு. ஆனால் ஃபேன் போட்டால் பின்வரிசைக்கு ஒன்றும் கேட்காது, நிறுத்தினால் யாராலும் உட்கார முடியாது. கழிப்பறை கீழே ஒன்றே ஒன்று. முன்வரிசையில் இடம் பிடியுங்கள்.

நடத்தியவர்கள் இரண்டு பேர். ஒருவர் ஓய்வுபெற்ற வரலாற்றுப் பேராசிரியர், எல்லாருக்கும் ஐயா. இன்னொருவர் மென்பொருள் வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுத வந்த பெண். என்னைவிடப் பத்து வயதாவது இளையவர். ஆனாலும் முதல் டீ வருவதற்குள் எனக்கும் அவர் அக்கா ஆகிவிட்டார்.

முதல் நாள் காலை முழுக்க ஒரு படிவம். ‘உங்கள் உலகம்’ என்று தலைப்பு. உங்கள் உலகின் நாணயம் என்ன, நாட்காட்டி என்ன, ஆட்சிமுறை என்ன, வானத்தில் எத்தனை நிலா, மக்கள் எதைக் கும்பிடுகிறார்கள் என்று ரேஷன் கார்டு விண்ணப்பத்தைவிட நீளம். எல்லாரும் தலைகுனிந்து நிரப்பினோம். பக்கத்தில் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன் மதியத்துக்குள் மூன்று நிலா, இரண்டு நாணயம், ஒரு புது எழுத்துமுறை எல்லாம் தயார் செய்துவிட்டான். “யார் தம்பி அங்க குடியிருக்காங்க?” என்று கேட்டேன். “அது அடுத்த பக்கத்துல வரும்ண்ணா” என்றான். அடுத்த பக்கத்தில் பருவநிலை பற்றிய கேள்விகள்தான் இருந்தன.

இந்தப் படிவத்தால் பயனே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆயிரம் பக்க நாவல் எழுதுகிறவருக்கு உதவலாம். பத்துப் பக்கச் சிறுகதைக்கு இது எழுதுவதைத் தள்ளிப்போட ஒரு கௌரவமான வழி. உலகத்தை முழுதாகக் கட்டி முடித்த பிறகுதான் ஆளை உள்ளே விட வேண்டும் என்று நினைத்தால் ஆள் வரவே மாட்டான்.

மதியத்துக்கு மேல் ஐயா சொன்ன கதைக்காக முதல் நாளை மன்னிக்கலாம். கதை என்றா சொன்னேன், நடந்த சம்பவம். லெ ஜான்ட்டி என்று ஒரு பிரெஞ்சு வானியலாளர். 1761 ஜூன் 6-ம் தேதி வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடக்கப்போகிறது. பூமியில் பல இடங்களிலிருந்து அதை அளந்தால் சூரியன் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று கணக்குப் போடலாம். அதற்காக அவர் 1760-ல் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கப்பலேறினார். வந்து சேர்வதற்குள் ஊர் ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. கப்பல் திரும்பியது. வெள்ளி கடந்த நாளில் அவர் நடுக்கடலில் இருந்தார். ஆடும் கப்பல் தளத்திலிருந்து எதை அளப்பது? எட்டு வருஷம் கழித்து இன்னொரு தடவை நடக்கும் என்று தெரிந்ததால் ஊர் திரும்பாமல் இந்தப் பக்கமே சுற்றிக்கொண்டிருந்தார். புதுச்சேரி மறுபடி பிரெஞ்சுக்காரர்களிடம் வந்த பிறகு இங்கே வந்து, இடிந்து கிடந்த கவர்னர் மாளிகை மேலேயே ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டு காத்திருந்தார். 1769 ஜூன் 4 காலை. அதற்கு முந்தைய நாள்கள் வானம் பளிச்சென்று இருந்தது. அன்றைக்கு மேகம். வெள்ளி கடந்து முடிந்த பிறகுதான் வெயில் வந்தது. 1771-ல் ஒருவழியாகப் பிரான்சுக்குப் போய்ச் சேர்ந்தால், அவர் செத்துப்போனதாக முடிவுகட்டி உறவுக்காரர்கள் சொத்தைப் பிரிக்க ஆரம்பித்திருந்தார்கள். அறிவியல் அகாதெமியில் அவர் இடம் வேறொருவருக்குப் போயிருந்தது.

ஐயா இதைச் சொல்லி முடித்து, “இதை வைத்து ஆளுக்கொரு யோசனை சொல்லுங்க” என்றார். ஒருவர் ஆவியாக வரட்டும் என்றார். ஒருவர் கால யந்திரம் வைத்தார். ஓர் அம்மா, அவர் சாகாமல் 2004 ஜூன் 8 வரை காத்திருக்கட்டும் என்றார். அன்றைக்கு வெள்ளி நிஜமாகவே மறுபடி கடந்தது, 2012-லும் கடந்தது, இனி 2117-ல்தான். தேதிகளெல்லாம் அழகாகப் பொருந்தின. கதை மட்டும் பொருந்தவில்லை. ஏன் என்று அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. எனக்குத் தோன்றியது இதுதான்: அந்த மனுஷன் வாழ்க்கையில் திருப்பம், ஏமாற்றம், முடிவு எல்லாம் ஏற்கெனவே இருக்கிறது. நாம் சேர்க்கும் பொய்க்கு அங்கே செய்ய வேலை இல்லை. நல்ல சம்பவம் என்பதாலேயே அது நல்ல யோசனை ஆகிவிடாது. பாதியில் நிற்கிற, ஏதோ ஓர் இடத்தில் இன்னும் கணக்குத் தீராத உண்மைதான் நமக்கு வேண்டும்.

சாயங்காலம் அக்கா எல்லாரையும் கடற்கரைச் சாலைக்கு நடத்திக் கூட்டிப்போனார். காந்தி சிலைக்குப் பக்கத்தில் நிற்க வைத்து, “இங்க ஏன் கருங்கல்லா கெடக்குது?” என்று கேட்டார். பாண்டிக்காரர்களுக்குத் தெரிந்த விஷயம்தான். 1980-களின் கடைசியில் துறைமுகத்துக்காக அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். இந்தக் கரையில் வருஷத்தில் பெரும்பகுதி நேரம் அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிக்கொண்டே போகும். சுவர் அந்த மணலைத் தெற்கே பிடித்து நிறுத்திவிட்டது. வடக்கே, நகரத்துக்கு முன்னால் இருந்த மணல் போனது, ஈடுகட்ட மணல் வரவில்லை. கரையைக் காப்பாற்றக் கல் கொட்டினார்கள். கல் கொட்டிய இடத்துக்கும் வடக்கே இருந்த மீனவ ஊர்களை அரிப்பு பிடித்தது. தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகுதான் கொஞ்சம் மணல் திரும்பி வந்தது.

“மணலைத் திருடணும்னு யாரும் நினைக்கல. படகு உள்ள வர வழி வேணும்னுதான் நினைச்சாங்க” என்றார் அக்கா. பிறகு ஒவ்வொருவரையும் அடுத்த விளைவு, அதற்கு அடுத்தது என்று சொல்ல வைத்தார். மணல் இல்லை, அதனால் படகு ஏற்ற இடம் இல்லை. வலை காயப்போட இடம் இல்லை, அதனால் வலை தெருவுக்கு வருகிறது. தெருவில் வலை கிடந்தால் பக்கத்து வீட்டுக்காரனோடு சண்டை. “அந்தச் சண்டைதான் உங்க கதை. சுவர் இல்ல” என்றார். முதல் விளைவை யார் வேண்டுமானாலும் சொல்லிவிடுவார்கள். வாசகரே சொல்லிவிடுவார். மூன்றாவது, நான்காவது கண்ணியில்தான் பெயரும் முகமும் உள்ள ஓர் ஆள் மாட்டுகிறார். இந்த ஒரு பயிற்சிக்கே 500 ரூபாய் கொடுக்கலாம். படிவத்துக்குப் போன நேரத்தில் இன்னும் இரண்டு சங்கிலியாவது இழுத்திருக்கலாம்.

இனி இரண்டாம் நாள். வீட்டுப்பாடம் இப்படி இருந்தது: கேட்டால் பொய் மாதிரி இருக்கிற, ஆனால் உண்மையான ஒரு விஷயத்தை அவரவர் ஊரிலிருந்து கொண்டுவர வேண்டும். அதில் ஒரே ஒரு வினைச்சொல்லை மட்டும் மாற்ற வேண்டும். மற்றதெல்லாம் உண்மையாகவே இருக்க வேண்டும். கதைக்கு அனுமதிக்கப்பட்ட பொய் அந்த ஒன்றுதான்.

நான் கொண்டுபோனது குண்டு. கடலூர்க்காரர்கள் குண்டு உப்பலவாடி என்று பஸ்ஸில் பேர் பார்த்திருப்பீர்கள், குண்டுசாலையில் நடந்தும் இருப்பீர்கள். 1690-ல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையைக் கிழக்கிந்தியக் கம்பெனி மராட்டியரிடமிருந்து விலைக்கு வாங்கியது. அப்போது மெட்ராஸ் கவர்னர் எலிஹு யேல். கோட்டையோடு எவ்வளவு நிலம் சேரும் என்பதற்கு ஒரு பேச்சு: கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு போய் விழுகிற தூரம் வரை. சுட்டார்கள். விழுந்த இடம் வரைக்கும் உள்ள ஊர்கள் கம்பெனிக்கு. அவை குண்டு கிராமங்கள் ஆயின. நிலத்தை அளப்பதற்குச் சங்கிலியும் கோலும் போதாமல் பீரங்கியை வைத்து அளந்த கதை இது. சின்ன வயசிலிருந்து கேட்டதால் எனக்கு இது பெரிதாகத் தோன்றியதில்லை. வகுப்பில் சொன்னபோது நாலு பேர் “நிஜமாவா சார்?” என்றார்கள்.

மாற்ற வேண்டிய வினைச்சொல் எதிரே நின்றது. குண்டு விழுந்தது. விழவில்லை. 1690-ல் சுட்ட குண்டு இன்னும் கீழே வரவில்லை.

இங்கேதான் என் வேலை குறுக்கே வந்தது. ரசாயன ஆலைகளில் ஹேஸாப் என்று ஓர் ஆய்வு உண்டு. 1960-களில் இங்கிலாந்தில் ஐ.சி.ஐ. கம்பெனியில் உருவான முறை. ஆலையின் வரைபடத்தை மேசையில் விரித்து, ஒவ்வொரு குழாயாக எடுத்து, சில வழிகாட்டிச் சொற்களை அதன் மேல் வைத்துப் பார்ப்போம். நோ, மோர், லெஸ், ரிவர்ஸ், அதர் தேன். இந்தக் குழாயில் ஓட்டமே இல்லை என்றால்? அதிகமானால்? திரும்பி ஓடினால்? தண்ணீருக்குப் பதில் வேறு ஏதாவது வந்தால்? ஒவ்வொன்றுக்கும் காரணம், விளைவு, இப்போது இருக்கும் பாதுகாப்பு, செய்ய வேண்டியது என்று கட்டம் போட்டு எழுதுவோம். பகல் முழுக்க ஏசி அறையில் உட்கார்ந்து, இதுவரை நடக்காத விபத்துகளைக் கற்பனை செய்வதற்குச் சம்பளம் தருகிறார்கள். அதை அறிபுனை என்று நான் அதுவரை நினைத்ததில்லை, அவ்வளவுதான்.

அக்கா கொடுத்த பயிற்சி முழுக்க இந்த அட்டவணையின் சுருக்கமாகவே எனக்குத் தெரிந்தது. ஆனால் அவருடைய கையேட்டில் இல்லாத ஒரு கட்டம் ஹேஸாபில் இருக்கிறது. அது பாதுகாப்புக் கட்டம். ஒரு கோளாறு ரொம்ப நாளாக இருக்கிறது என்றால், மனிதர்கள் அதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க மாட்டார்கள். அதைச் சமாளிக்க ஏதாவது ஏற்பாடு செய்து, அதற்கு ஒரு ஆளைப் போட்டு, அந்த ஆளுக்கு ஒரு சம்பளம் வைத்து, பிறகு எதற்காகச் செய்தோம் என்பதையே மறந்திருப்பார்கள். கதை பொய்யில் தொடங்குவதில்லை. அந்த ஏற்பாடு அறுந்துபோகிற நாளில் தொடங்குகிறது. இதைச் சொன்னதும் அக்கா போர்டில் எழுதிக்கொண்டார். அடுத்த அணிக்குக் கையேட்டில் சேர்த்தால் என் கட்டணத்தில் ஏதாவது தள்ளுபடி கேட்கலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

குண்டுக்கு வருகிறேன். முதலில் எல்லாரும் காரணக் கட்டத்தில் மாட்டிக்கொண்டார்கள். பௌதிகம் படித்த ஒருவர், விநாடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் இருந்தால்தான் பூமியை விட்டுப் போகும், அந்தக் காலத்துக் கருமருந்துக்கு அந்த வேகம் எங்கே இருந்து வந்தது என்றார். நியாயமான கேள்வி. வேற்றுக்கிரகப் பீரங்கி, காந்த மண்டலம், சித்தர் மருந்து என்று விடைகள் பறந்தன. அக்கா கேட்டது வேறு: “உங்க கதையில வர்ற யாருக்கு இந்த விளக்கம் தேவைப்படுது?”

யோசித்துப் பார்த்தால் யாருக்கும் தேவைப்படவில்லை. தலைமுறை தலைமுறையாக அந்தக் குண்டுக்குக் கீழே குடியிருப்பவர்களுக்கு அது வானத்தில் இருப்பது செய்தியே அல்ல. அவர்களுக்கு வேண்டியது பட்டா. குண்டு விழவில்லை என்றால் எல்லை முடிவாகவில்லை. எல்லை முடிவாகவில்லை என்றால் நிலம் யாருடையது என்று எழுத முடியாது. ஊர்க் கணக்கு எழுதும் கர்ணத்தின் ஏட்டில் ‘குண்டு விழும்வரை நிலுவை’ என்று ஒரு குறிப்பு. மகள் கல்யாணத்துக்குக் கடன் வாங்கப் போனால் பேங்கில் அந்தக் குறிப்பைக் காட்டித் திருப்பி அனுப்புகிறார்கள். விளக்கம் தேவைப்படும் ஆள் கதைக்குள் இருந்தால் விளக்குங்கள், வாசகருக்குப் பயந்து விளக்காதீர்கள் என்றார் அக்கா. நான் 11.2-ஐ அடித்துவிட்டேன்.

பிறகு பாதுகாப்புக் கட்டம். குண்டு என்றைக்காவது வரும் என்றால் முன்கூட்டியே சொல்ல ஓர் ஆள் வேண்டும். ஊர்க்காவல் பார்க்கும் தலையாரி, வயலுக்குத் தண்ணீர் திருப்பும் நீர்க்கட்டி மாதிரி ‘மேல்காவல்’ என்று ஒரு பரம்பரை வேலை வைத்தேன். வேலை, வானத்தைப் பார்ப்பது. குண்டு தெரிந்தால் மணி அடிப்பது. கடலூர் ஓல்டு டவுனிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர், துறைமுகத்தில் 1 முதல் 11 வரை புயல் கூண்டு ஏற்றுவதுபோல இதற்கும் கூண்டு வைக்கலாமே என்றார். ஆசையாக இருந்தது. ஆனால் கூண்டு துறைமுகத்துக்காரர்களுடையது, ஊருக்கு மணிதான் சரி என்று விட்டுவிட்டேன்.

எந்த வருஷம்? இதில்தான் ஐயா கைகொடுத்தார். “பரம்பரை வேலைன்னு வச்சுட்டீங்க. அப்ப 1980-ஐ விடாதீங்க” என்றார். 1980 நவம்பரில் தமிழ்நாட்டில் மணியக்காரர், கர்ணம் போன்ற பகுதிநேர கிராம அலுவலர் பதவிகளை அவசரச் சட்டம் போட்டு ஒழித்தார்கள். தலைமுறை தலைமுறையாக வந்த பதவிகள் ஒரே நாளில் போயின. பிறகு கிராம நிர்வாக அலுவலர், இப்போது நாம் வி.ஏ.ஓ. என்று சொல்கிறவர், வந்தார். நவம்பர் என்றால் கடலூரில் மழையும் உறுதி. என் கதை அந்த நிமிஷத்தில் தனக்கு ஒரு தேதி பிடித்துக்கொண்டது. மேல்காவல் வேலையும் ஒழிந்த பட்டியலில் உண்டா இல்லையா என்று தாலுகா ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை. ஒரு ரெவின்யூ ஊழியர் மணியை மட்டும் சரக்குப் பதிவேட்டின்படி திரும்ப வாங்க வருகிறார். வேலை பார்ப்பவள் அஞ்சலை, அப்பாவுக்குப் பிறகு அவள். “மணிய எடுத்துக்குங்க சார். அது வந்தா யாரு சொல்றது?” என்கிறாள். “ஆர்டர்ல மணி மட்டும்தாம்மா இருக்குது” என்கிறார் அவர்.

இதுவரை வந்தது சுலபம். முடிவுக்கு வகுப்பே இரண்டாகப் பிரிந்தது. குண்டு விழ வேண்டும் என்று ஒரு பாதி. விழக் கூடாது என்று மறு பாதி. விழுந்தால் அது வாண வேடிக்கை, விழாவிட்டால் வாசகர் காசைத் திருப்பிக் கேட்பார் என்று இரு பக்கமும் வாதம். அக்கா ஒரு விதி சொன்னார்: முடிவை எடுக்க வேண்டியது ஆள், பொருள் எடுக்கக் கூடாது. விதி நன்றாக இருந்தது. விடை வரவில்லை. சாப்பாட்டு நேரத்தில் நான் மறுபடி வழிகாட்டிச் சொற்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். நோ முடிந்தது, அதுதான் கதையின் பொய். மோர், பல குண்டு, வேண்டாம். ரிவர்ஸ். குண்டு எல்லையை நோக்கிப் போகாமல், வேறு ஏதாவது போனால்?

ஆள்கள் போகலாம். ஊழியர் மணியைக் கழற்றுவதற்கு முன்னால் அஞ்சலை அதை அடிக்கிறாள். வானத்தில் ஒன்றுமில்லை. ஊர் முழுக்கப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு, ஆடுமாடுகளை அவிழ்த்துவிட்டு மழைக்குள் ஓடுகிறது. ஓடி ஓடி ஓரிடத்தில் எல்லாரும் நிற்கிறார்கள். யாரும் சொல்லிக்கொடுக்காமல் எல்லாரும் ஒரே கோட்டில். பயம் எதுவரை என்று எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. ஊழியர் குடையைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டு வழியாக நடந்து, கல் நடுவதற்குக் குறித்துக்கொள்கிறார். ஊருக்குப் பட்டா வருகிறது.

வகுப்பில் இதைப் படித்துக்காட்டியபோது ஐயாவுக்கு ஒரு குறை. கடைசியில் ஒரு வரி சேர்த்து, ஏகாதிபத்தியம் போட்ட எல்லை இன்னும் நம் மனதில் இருக்கிறது என்று சொல்லிவிடலாமே என்றார். சேர்க்கவில்லை. அந்த வரியை எழுதினால் ஊர்க்காரர்கள் ஓடியது வீண். இந்த விஷயத்தில் ஐயாவும் அக்காவும் எல்லாருக்கும் முன்னாலேயே கொஞ்ச நேரம் வாதாடினார்கள். பயிலரங்கில் நான் அதிகம் கற்றுக்கொண்ட பத்து நிமிஷம் அது. சொல்லிக்கொடுப்பவர்கள் ஒத்துப்போகாத இடத்தில்தான் நமக்கு முடிவெடுக்க இடம் கிடைக்கிறது.

மற்றவர்களுடைய கதைகளைப் பற்றி விரிவாகச் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அவர்கள் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். மூன்று நிலாப் பையன் மட்டும் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் மூன்றையும் அழித்துவிட்டு, அவனுடைய பாட்டி ஊரில் அமாவாசைக்குக் கடலுக்குப் போகாத வழக்கத்தை எடுத்து, அமாவாசை வருவது நின்றுபோன ஒரு மாதத்தை எழுத ஆரம்பித்தான். லீவே கிடைக்காத மீனவர்கள். கேட்டவுடன் எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

கதை படித்துத் தரும் சேவை பற்றி. ஒரு மாதத்தில் பதில் என்று சொன்னார்கள். தாமதமாகத்தான் வந்தது, மன்னிப்புக் கேட்டிருந்தார்கள். குறிப்புகளில் பாதி தங்கம். என் கதையின் முதல் இரண்டு பத்தி முழுக்க 1690, யேல், மராட்டியர், கோட்டை என்று போயிருந்தது. ‘இதையெல்லாம் எடுத்துவிட்டு, ஊழியர் சைக்கிளை நிறுத்தும் இடத்திலிருந்து தொடங்குங்கள், வரலாறு அஞ்சலைக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவு போதும்’ என்று அக்கா எழுதியிருந்தார். இப்போது கதையில் வரலாறு முழுவதும் ஒரே வரி: “வெள்ளக்காரன் சுட்டான், இன்னும் வர்ல.” அதுவே சரியான அளவு. இன்னொன்று, குண்டு என்ற சொல் முதல் பக்கத்தில் ஒன்பது தடவை வருகிறது என்று வட்டம் போட்டிருந்தார். ஊர்க்காரர்கள் அதை ‘அது’ என்றுதான் சொல்வார்கள் என்பது வட்டத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தோன்றியது. மற்ற பாதி, ‘செறிவு தேவை’, ‘இன்னும் ஆழம்’ என்று யார் கதைக்கும் எழுதக்கூடிய ஓரக்குறிப்புகள். அது ஐயாவின் கையெழுத்து. எங்கே, எதற்கு என்று சொல்லாத குறிப்பை வைத்து என்ன செய்வது?

சாப்பாடு முதல் நாள் அருமை. வாழை இலை, மீன் குழம்பு வேண்டுபவர்களுக்குத் தனியாக. இரண்டாம் நாள் பொட்டலத்தில் சாம்பார் சாதம், அதுவும் ஆறிப்போனது. வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிடுவார்கள். முதல் வாரம் கதை பேசினார்கள், இப்போது காலை வணக்கப் படங்கள்தான். மியூட் செய்துகொள்ளுங்கள், வெளியேற வேண்டாம், எப்போதாவது அக்கா ஒரு பயிற்சி போடுகிறார்.

போகிறவர்களுக்கு நான் சொல்வது: பத்திரிகை ஆசிரியர் யாரையாவது சந்திக்கலாம், கதை அச்சாக வழி கிடைக்கும் என்று போகாதீர்கள், அது அங்கே இல்லை. ராக்கெட்டும் ரோபோவும் இல்லாமல் அறிபுனை இல்லை என்று நம்புகிறவர்களுக்கும் முதல் நாளே பொறுமை போய்விடும். சொந்த ஊரைப் பற்றி, வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் நம்பாத ஓர் உண்மை கைவசம் இருக்க வேண்டும். கடலூர், பாண்டி பக்கம் அதற்குப் பஞ்சமில்லை. வாத்தியார், நர்ஸ், மின்வாரியம், பேங்க் என்று எந்த வேலை பார்த்தாலும், அந்த வேலையில் ‘இது கெட்டுப்போனால் என்ன செய்வோம்’ என்று ஏதாவது ஒரு பதிவேடு இருக்கும். போவதற்கு முன் அதை ஒரு தடவை புரட்டிவிட்டுப் போங்கள். படிவத்தைவிட அது உதவும்.

அடுத்து நாவலுக்கு மூன்று நாள் வகுப்பு வைக்கிறார்களாம், 3,600 ரூபாய். படிவம் இன்னும் நீளமாக இருக்கும் என்ற பயத்தில் நான் பேர் கொடுக்கவில்லை. கதை திருத்தும் சேவையை மட்டும் தனியாகக் கொடுத்தால், அக்கா படிப்பதாக உறுதி சொன்னால், நாளைக்கே பணம் அனுப்புவேன். கேட்டிருக்கிறேன், பதில் இல்லை.

கடைசியாக ஒன்று, ஞாயிற்றுக்கிழமை வண்டியில் வருகிறவர்களுக்கு. காந்தி வீதியில் சண்டே மார்க்கெட் போட்டிருப்பார்கள், அந்தப் பக்கம் திரும்பினால் பத்து மணி வகுப்புக்குப் பதினொன்றுக்குத்தான் போய்ச் சேர்வீர்கள். கடலூரிலிருந்து வருகிறவர்களுக்குப் பஸ்தான் மேல், ஒரு மணி நேரத்தில் கொண்டுவந்து விட்டுவிடுவான்.